ஓபியாய்டு வலி மருந்துகளும் ரத்தச் சர்க்கரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வலிக்கு ஓபியாய்டு எழுதிக் கொடுக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஒருவர் "சுகர் ஏறிவிட்டது" என்பார், அடுத்தவர் "இறங்கிவிட்டது" என்பார். பெரும்பாலும் இருவர் சொல்வதும் உண்மைதான். அந்தக் கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே இங்கே போட்டிருக்கிறேன். மருந்தின் அளவை மாற்றுவது, நிறுத்துவது எல்லாம் உங்கள் மருத்துவரோடு பேசி எடுக்க வேண்டிய முடிவு. அவரிடம் என்ன கேட்கலாம் என்று தெரிந்துகொள்ள இந்தப் பக்கம் உதவும்.

ஓபியாய்டு என்றால் எது எது? நான் சாப்பிடுவது அதுதானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மார்ஃபினும் கோடீனும் அபின் செடியிலிருந்து வருபவை. ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், பியூப்ரெனார்ஃபின் ஆகியவை அந்தச் செடியின் சரக்கை மாற்றிச் செய்தவை. டிராமடால், டாபென்டடால், ஃபென்டனில், மெத்தடோன் ஆகியவை முழுக்க ஆய்வுக்கூடத்தில் செய்யப்படுபவை. மூளையிலும் தண்டுவடத்திலும் குடலிலும் உள்ள ஓபியாய்டு ஏற்பிகளில் (செல்களில் மருந்து போய்ப் பொருந்தும் இடங்களில்) இவை போய் ஒட்டிக்கொள்கின்றன. பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை இந்தக் குடும்பம் இல்லை.

அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் வணிகப் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். "சாதாரண வலி மாத்திரைதான்" என்று பலர் கொண்டுவரும் அட்டையில் பாரசிட்டமாலோடு டிராமடாலோ கோடீனோ சேர்ந்திருக்கும். தோலில் ஒட்டும் ஃபென்டனில் பட்டையையும், கோடீன் கலந்த இருமல் மருந்தையும் மருந்துப் பட்டியலில் சொல்ல நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

சரி, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சுகரை ஏற்றுமா, இறக்குமா?

இரண்டும் நடக்கும். எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நாளாக, கூடவே என்னென்ன மருந்து, ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்துத் திசை மாறும். வழக்கமான அளவில் எடுக்கும் பெரும்பாலானவர்களுக்கு மீட்டரில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாது.

இரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால், இறங்குவதற்குத்தான். ஏறினால் கவனிக்க நேரம் கிடைக்கும். இறங்கினால் சில நிமிடங்களில் நினைவு தப்பலாம். அதிலும் மருந்து மயக்கத்தில் தூங்குபவருக்கு இறங்கினால் பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

மாத்திரையில் சர்க்கரையே இல்லையே, எப்படி ஏற்றும்?

உடம்பிலேயே சர்க்கரைக் கிடங்கு இருக்கிறது. கல்லீரல் குளுக்கோஸைக் கிளைக்கோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும். விலங்குச் சோதனைகளில் மார்ஃபினை நேராக மூளைக்குள் செலுத்தினால் பரிவு நரம்பு மண்டலம் (அவசர நேரத்தில் உடம்பை உசுப்பும் நரம்புகள்) தூண்டப்படுகிறது, அட்ரினலின் சுரக்கிறது, கல்லீரல் கிடங்கைத் திறந்துவிடுகிறது. அதே அட்ரினலின் கணையத்தில் இன்சுலின் சுரப்பதையும் அடக்குகிறது. மார்ஃபின் சர்க்கரையை ஏற்றும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு உடலியல் அறிஞர் கிளாட் பெர்னார்ட் கவனித்த விஷயம்.

மனிதர்களுக்குச் சாதாரண அளவில் இது அந்த அளவுக்குப் போவதில்லை. இன்னொன்று, மாத்திரையில் சர்க்கரை இல்லாவிட்டாலும் திரவ மருந்தில் இருக்கலாம். ஓபியாய்டு சிரப்புகள் சிலவற்றில் இனிப்புக்குச் சர்க்கரையே சேர்க்கிறார்கள். தினம் நான்கு வேளை எடுப்பவர் சர்க்கரை சேர்க்காத வகை உண்டா என்று கேட்டுப் பார்க்கலாம்.

வலியில் துடிக்கும்போது சுகர் 220. ஊசி போட்டுத் தூங்கி எழுந்ததும் 160. ஊசி சுகரைக் குறைத்ததா?

வலியைக் குறைத்தது, அதனால் சுகர் குறைந்தது என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும். கடுமையான வலி உடம்புக்கு ஓர் அவசர நிலை. அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான், வளர்ச்சி ஹார்மோன் எல்லாம் ஏறும். இவை எல்லாமே இன்சுலினுக்கு எதிர்ப்பக்கம் நிற்பவை. ஆரோக்கியமான ஆட்களுக்கே கொஞ்ச நேரம் கடும் வலி கொடுத்துப் பார்த்த ஆய்வில் இன்சுலின் வேலை செய்யும் திறன் குறைந்தது. அறுவை சிகிச்சையின்போது ஃபென்டனில் வகை மருந்துகளை அதிக அளவில் கொடுத்தால் இந்த அழுத்த ஹார்மோன்கள் அடங்குகின்றன, சர்க்கரை ஏற்றமும் குறைகிறது.

நடைமுறையில் இதற்கு ஒரு முக்கியமான பின்விளைவு உண்டு. வலியால் சுகர் ஏறியிருந்த நாட்களில் இன்சுலின் அளவைக் கூட்டியிருப்பார்கள். வலி அடங்கிய பிறகும் அதே கூடுதல் அளவைப் போட்டால் லோ, அதாவது சுகர் அளவுக்கு மீறி இறங்குவது, வரும். வலி மருந்து நன்றாக வேலை செய்யத் தொடங்கிய நாளிலிருந்து மீட்டரை அடிக்கடி பார்ப்பது நல்லது.

டிராமடால் லோ சுகர் கொண்டுவரும் என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை நோயே கிடையாது. எனக்கும் வருமா?

அபூர்வமாக வரலாம். ஓபியாய்டுகளில் இந்த விஷயத்தில் அதிகம் பேசப்படுவது டிராமடால்தான். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் மருத்துவப் பதிவுகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2014இல் வெளிவந்தது. 1998 முதல் 2012 வரை டிராமடாலோ கோடீனோ புதிதாகத் தொடங்கிய 3,34,000க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கான லோ சுகர், கோடீன் எடுத்தவர்களை விட டிராமடால் எடுத்தவர்களுக்கு 52 சதவீதம் அதிகமாக இருந்தது. முதல் 30 நாளை மட்டும் எடுத்தால் இரண்டரை மடங்கு. சர்க்கரை நோய் இல்லாதவர்களும் அந்தக் கணக்கில் இருந்தார்கள்.

பயந்துவிட வேண்டாம். அத்தனை லட்சம் பேரில் பல ஆண்டுகளில் இப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் மொத்தமே ஆயிரத்துச் சொச்சம் பேர். மிகச் சிறிய ஓர் எண் ஒன்றரை மடங்கானாலும் சிறியதுதான். மருந்தை ஒதுக்க இது காரணம் ஆகாது. முதல் சில வாரங்களில் விழிப்பாக இருக்க இது காரணம். காரணமில்லாத வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, படபடப்பு, குழப்பம் வந்தால் "மருந்து ஒத்துக்கவில்லை" என்று படுத்துவிடாமல் ஒரு துளி ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். 70 மி.கி./டெ.லி.க்குக் கீழே இருந்தால் லோ. 54க்குக் கீழே போனால் தீவிரம்.

டிராமடாலுக்கு மட்டும் ஏன் இப்படி? அது ஓபியாய்டு வேலையோடு, நரம்புமுனைகளில் செரட்டோனினும் நார்அட்ரினலினும் திரும்ப உறிஞ்சப்படுவதையும் தடுக்கிறது. எலிகளில் செய்த சோதனைகளில் அது கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிப்பதைக் குறைத்தது, தசை குளுக்கோஸை இழுத்துக்கொள்வதைக் கூட்டியது. மனிதர்களிலும் இதேதான் நடக்கிறது என்று அடித்துச் சொல்லும் அளவுக்குச் சான்று சேரவில்லை.

அப்படியானால் டிராமடாலை விட்டு வேறு ஓபியாய்டுக்கு மாறிவிடலாமா?

எதற்கு மாறுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மெத்தடோனுக்கு மாறினால் பிரச்சினை தீராது, கூடலாம். மெத்தடோன் எடுப்பவர்களில், முக்கியமாக அளவு கூடியபோதும் வேகமாகக் கூட்டப்பட்டபோதும், லோ சுகர் பதிவாகியிருக்கிறது. அமெரிக்காவில் பக்கவிளைவுப் பதிவுகளைத் தோண்டிப் பார்த்த ஆய்விலும் டிராமடாலும் மெத்தடோனும்தான் தனித்துத் தெரிந்தன. மெத்தடோனுக்கு இன்னொரு குணமும் உண்டு. உடம்பில் பாதி அளவாகக் குறைய ஒருவருக்கு 8 மணி நேரம் போதும், இன்னொருவருக்கு 59 மணி நேரம்கூட ஆகலாம். நேற்றைய அளவு இன்றும் உள்ளே இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மார்ஃபினுக்கு இந்தக் கெட்ட பெயர் இவ்வளவு இல்லை. ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு மார்ஃபினின் கழிவுப் பொருட்கள் உடம்பில் தேங்கும். அவர் தூங்கிக்கொண்டே இருப்பார், சாப்பிட மாட்டார், அப்புறம் லோ வரும். டெக்ஸ்ட்ரோப்ரொபாக்சிஃபீன் என்ற பழைய ஓபியாய்டும் முதியவர்களுக்கும் சிறுநீரகம் கெட்டவர்களுக்கும் சர்க்கரையை இறக்கியதாகப் பதிவுகள் உண்டு. 2010இல் அமெரிக்காவில் அது விலக்கப்பட்டதற்குக் காரணம் இதயப் பாதிப்பு.

கிளிமிபிரைடு சாப்பிடுகிறேன். கூட டிராமடால் எழுதியிருக்கிறார்கள். சேர்க்கலாமா?

சேர்க்கவே கூடாது என்று விதி இல்லை. நிறையப் பேர் சேர்த்து எடுக்கிறார்கள். ஆனால் இந்தக் கூட்டணியில்தான் கண் வைக்க வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காது, கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும். ஓபியாய்டு தொடங்கிய முதல் நாட்களில் குமட்டல், வாந்தி, பசியின்மை சகஜம். மாத்திரை உள்ளே, சாப்பாடு வெளியே. டிராமடாலின் சொந்த விளைவு இல்லாமலேயே லோ வர இது போதும். வயது எழுபதைத் தாண்டியவர், சிறுநீரகம் மந்தமானவர், உடல் மெலிந்தவர் என்றால் அபாயம் இன்னும் கூடும். "சாப்பிட முடியாத நாளில் எந்த மாத்திரையை விடலாம்?" என்ற கேள்விக்கு மருத்துவரிடம் முன்கூட்டியே பதில் வாங்கி வையுங்கள்.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு லோ அபாயம் குறைவு. எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு வேறொரு சங்கடம். வாந்தியும் பட்டினியும் நீர் வற்றலும் சேர்ந்தால் ரத்தத்தில் கீட்டோன் (உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்) ஏறி அமிலத்தன்மை வரலாம். அப்போது சுகர் எண் பெரிதாக ஏறாமலே இருக்கும், அதுதான் ஏமாற்றும். வாந்தி நிற்கவில்லை, மூச்சு வாங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால் மீட்டர் 180 காட்டினாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாப்பாட்டுக்கு முன் எப்போதும் போடும் அதே இன்சுலின்தான். ஒரு மணி நேரத்தில் லோ, நாலு மணி நேரம் கழித்து 280. என்ன கொடுமை இது?

இது வயிற்றின் வேலை. ஓபியாய்டு குடலை மந்தப்படுத்தும் என்பது மலச்சிக்கலால் எல்லோருக்கும் தெரியும். இரைப்பை காலியாவதையும் அது தாமதிக்கிறது. வேகமான இன்சுலின் தன் நேரத்துக்கு வந்து வேலையைத் தொடங்கிவிடும். உணவோ இன்னும் இரைப்பையிலேயே கிடக்கும். முதலில் லோ. பிறகு இன்சுலினின் வேகம் குறைந்த நேரத்தில் உணவு குடலுக்கு இறங்கும், சுகர் ஏறும். சர்க்கரை நோயால் இரைப்பை நரம்புகள் ஏற்கெனவே பழுதானவர்களுக்கு இது இரட்டிப்பு. செமாகுளூடைடு, லிராகுளூடைடு போன்ற ஊசிகளும் இரைப்பையை மெதுவாக்குபவை என்பதால் அவற்றோடு ஓபியாய்டு சேரும்போதும் கவனிக்க வேண்டும்.

இன்சுலின் போடும் நேரத்தைத் தள்ளுவதா, பிரித்துப் போடுவதா, உணவைச் சிறு சிறு அளவாக்குவதா என்பதை மருத்துவரிடம் பேசுங்கள். பேசப் போகும்போது சாப்பிட்ட நேரம், ஊசி நேரம், வலி மருந்து நேரம், மீட்டர் எண் நான்கையும் மூன்று நாளுக்கு எழுதிக்கொண்டு போங்கள். அந்தத் தாள் இல்லாமல் "சுகர் ஏறி இறங்குகிறது" என்று மட்டும் சொன்னால் யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. 280ஐப் பார்த்துவிட்டுத் தானாகவே இன்சுலினைக் கூட்டுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. அடுத்த வேளை லோ இன்னும் ஆழமாகப் போகும்.

அம்மா நாள் முழுக்கத் தூங்கிக்கொண்டே இருக்கிறார். மருந்து மயக்கமா, லோ சுகரா?

பார்த்து ஊகிக்க வேண்டாம், விரலில் குத்திப் பாருங்கள். பாடப்புத்தகக் கணக்குப்படி லோ என்றால் வியர்த்து, உடம்பு குளிர்ந்து, நெஞ்சு படபடக்கும். ஓபியாய்டு மிகுந்தால் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கும், மூச்சு மெதுவாகும். ஆனால் முதியவர்களுக்கும், பல வருட சர்க்கரை நோயாளிகளுக்கும், இதயத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கும் லோவின் எச்சரிக்கை அறிகுறிகள் மங்கிப்போயிருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கவும் வாய்ப்புண்டு.

சுகர் சரியாக இருந்து, தட்டி எழுப்பினாலும் எழவில்லை, மூச்சு மிக மெதுவாக அல்லது விட்டுவிட்டு வருகிறது, உதடு நீலம் பாய்கிறது என்றால் அது ஓபியாய்டு மிகை. உடனே அவசர உதவியைக் கூப்பிடுங்கள். நலாக்சோன் கையில் இருந்தால் கொடுங்கள். அது ஓபியாய்டை ஏற்பியிலிருந்து தள்ளிவிடும், ஆனால் சுகரை ஏற்றாது. அதன் வேலை அரை மணி முதல் ஒன்றரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஓபியாய்டு அதைவிட நீண்ட நேரம் இருக்கும் என்பதால், எழுந்துவிட்டாரே என்று வீட்டிலேயே விட்டுவிடக் கூடாது.

லோ என்று தெரிந்தால் வழக்கம்போல இனிப்புக் கொடுத்தால் போதும்தானே?

விழித்திருந்து விழுங்க முடிந்தால் வழக்கமான முறைதான். சுமார் 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை, இன்னும் 70க்குக் கீழே என்றால் மறுபடி 15 கிராம். ஓபியாய்டு எடுப்பவருக்கு இரைப்பை மந்தம் என்பதால் ஏற வழக்கத்தை விட நேரம் ஆகலாம். அதனால் கெட்டியான, கொழுப்புள்ள இனிப்பைத் தவிர்த்துக் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரையே கொடுங்கள். அகார்போஸ் அல்லது வோக்ளிபோஸ் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரண சர்க்கரை சீக்கிரம் உடைந்து ஏறாது, குளுக்கோஸ்தான் வேண்டும்.

அரைத்தூக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். குளுக்ககான் இருந்தால் கொடுத்துவிட்டு உதவி கூப்பிடுங்கள். ஒன்று நினைவிருக்கட்டும்: குளுக்ககான் கல்லீரல் கிடங்கைத் திறக்கும் மருந்து. பல நாட்களாகச் சரியாகச் சாப்பிடாதவரின் கிடங்கு காலியாக இருக்கும், மருந்து சரிவர வேலை செய்யாது. சல்ஃபோனைல்யூரியா எடுத்திருப்பவருக்கு ஏறிய சுகர் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். அவரை மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பதுதான் பாதுகாப்பு.

கையில் ஒட்டியிருக்கும் சென்சார் ஒரு எண் காட்டுகிறது, விரலில் எடுத்தால் வேறு எண். வலி மருந்துதான் காரணமா?

காரணம் ஓபியாய்டாக இல்லாமல் அதோடு சேர்ந்த பாரசிட்டமாலாக இருக்கலாம். சில வகை சென்சார்கள் பாரசிட்டமாலைக் குளுக்கோஸ் என்று நினைத்து உண்மையை விடக் கூட்டிக் காட்டும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் ஆபத்து. உங்கள் சென்சாரோடு வந்த கையேட்டில் பாரசிட்டமால் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நேர்மாறாகவும் நடக்கும். மருந்து மயக்கத்தில் ஒரே பக்கமாகப் புரளாமல் தூங்கி, சென்சார் உடம்புக்கு அடியில் நசுங்கினால் இல்லாத லோவைக் காட்டும். சந்தேகம் வந்தால் விரல் சோதனை.

அப்பாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் தொடங்கியதிலிருந்து சுகர் 300க்கு மேல். மார்ஃபினை நிறுத்தச் சொல்லலாமா?

நிறுத்தச் சொல்லும் முன் மருந்துச் சீட்டை முழுக்கப் படியுங்கள். டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரெட்னிசோலோன் இருக்கிறதா? வாந்தியைக் கட்டுப்படுத்தவும், வீக்கத்தைக் குறைக்கவும், பசியைத் தூண்டவும் இந்த ஸ்டீராய்டுகளை மார்ஃபின் தொடங்கும் அதே வாரத்தில் கொடுப்பது சகஜம். சுகரை 300க்குத் தள்ளுவது பெரும்பாலும் அவைதான். தொற்று, காய்ச்சல், அசையாமல் படுத்திருப்பது ஆகியவையும் சேரும். என் அனுபவத்தில் மார்ஃபின் மேல் விழும் பழியில் பாதிக்கு மேல் ஸ்டீராய்டுக்குச் சேர வேண்டியது.

வலியோடு விட்டால் சுகர் ஏறும் என்பதை மேலே 220, 160 கேள்வியில் பார்த்தோம். இந்த நிலையில் வலியைத் தணிப்பது முதல் வேலை. சுகரை இன்சுலின் கொண்டு பார்த்துக்கொள்ளலாம். ஸ்டீராய்டு அளவு குறைக்கப்படும் நாளில் இன்சுலினும் குறைய வேண்டும் என்பதை மட்டும் யாராவது ஒருவர் நினைவு வைத்திருங்கள்.

முதுகுவலிக்கு வருஷக்கணக்கில் எடுக்கிறேன். நீண்ட நாள் எடுத்தால் என்ன ஆகும்?

இங்கே ஹார்மோன்கள் வருகின்றன. நீண்டகால ஓபியாய்டு, மூளை அட்ரினல் சுரப்பிக்கு அனுப்பும் கட்டளையை அடக்கலாம். கார்ட்டிசால் குறையும். பட்டினியின்போது சுகரைத் தாங்கிப் பிடிப்பவற்றில் கார்ட்டிசாலும் ஒன்று. அது இல்லாவிட்டால் இன்சுலின் எடுப்பவருக்கு வழக்கமான அளவே அதிகமாகி அடிக்கடி லோ வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016இல் எல்லா ஓபியாய்டுகளுக்கும் சேர்த்து இந்த அட்ரினல் பிரச்சினை பற்றி எச்சரித்தது. விடாத சோர்வு, எழுந்து நின்றால் தலைசுற்றல், ரத்த அழுத்தக் குறைவு, எடை இழப்பு, விளக்கமில்லாத லோ எல்லாம் சேர்ந்து வந்தால் காலை கார்ட்டிசால் சோதனை பற்றிக் கேளுங்கள். "வலி மருந்து, சோர்வு இருக்கத்தான் செய்யும்" என்று இது எளிதில் தள்ளிவிடப்படுகிறது.

எதிர்த்திசையில் தள்ளுபவையும் உண்டு. ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறைந்து தசை கரையும், கொழுப்பு கூடும், இன்சுலினுக்கு உடம்பு கட்டுப்படாது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவதும் ஓபியாய்டால் கூடலாம், அதுவும் இன்சுலின் எதிர்ப்பை வளர்க்கும். நடமாட்டம் குறைந்து எடை கூடுவது தனிக் கதை.

எச்பிஏ1சி மாறுமா?

ஒரு வார ஓபியாய்டால் மாறாது, அது ஏறக்குறைய மூன்று மாத ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் சோதனை. சராசரி என்பதாலேயே அது ஏமாற்றவும் செய்யும். லோவும் ஏற்றமும் மாறி மாறி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டி 7 என்று அழகாகக் காட்டும். இன்சுலின் கேள்வியில் சொன்ன ஏறி இறங்கும் கோலத்தை எச்பிஏ1சி பிடிக்காது.

அபின் கொஞ்சம் சாப்பிட்டால் சர்க்கரை நோய் குணமாகும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே?

இந்த நம்பிக்கைக்குப் பழைய வேர் உண்டு. இன்சுலின் வருவதற்கு முன் மருத்துவர்களே அபினையும் கோடீனையும் சர்க்கரை நோய்க்குக் கொடுத்தார்கள். 1890களில் வில்லியம் ஓஸ்லர் போன்ற பெரிய மருத்துவரும் அபினை ஆதரித்தார். அன்று வேறு மருந்து இல்லை. பசி மந்தமாகி நோயாளி குறைவாகச் சாப்பிட்டார், சிறுநீரில் சர்க்கரை குறைந்தது. 1922இல் முதல் நோயாளிக்கு இன்சுலின் போட்ட பிறகு அந்த மருத்துவத்துக்குத் தேவையே இல்லாமல் போனது.

ஈரானில் இந்த நம்பிக்கை இன்றும் பரவலாக இருப்பதால் அங்கே ஆராய்ந்து பார்த்தார்கள். நீண்டகாலக் கட்டுப்பாட்டில் நம்பத்தகுந்த பலன் எதுவும் தெரியவில்லை. கள்ள அபினில் ஈயம் கலந்து விஷமானதும் உண்டு. 2020இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை அபின் பழக்கத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. ஒரு வேளை மீட்டர் எண் குறைந்ததைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

பழக்கத்திலிருந்து மீள மெத்தடோன் எடுக்கிறேன். இனிப்பு மேல் வெறியே வந்துவிட்டது. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. மெத்தடோன் சிகிச்சையில் இருப்பவர்களிடம் இனிப்பு நாட்டமும் எடை கூடுவதும் நன்றாகவே பதிவாகியிருக்கின்றன. மூளையில் ருசியின் இன்பத்தைக் கூட்டுவதும் இதே ஓபியாய்டு ஏற்பிகள்தான். சுகரைச் சோதித்துக்கொள்ளுங்கள், எடையைப் பாருங்கள். சிகிச்சையை மட்டும் இதற்காக விட்டுவிடாதீர்கள். பழைய பழக்கத்துக்குத் திரும்புவதில் உள்ள ஆபத்தோடு ஒப்பிட்டால் இனிப்பு சமாளிக்கக்கூடிய பிரச்சினை.

எல்லாம் சரி, மருந்தை நாளைக்கே நிறுத்திவிட்டால் சுகர் சீராகிவிடுமா?

முதலில் மோசமாகும். சில வாரங்களுக்கு மேல் தினமும் எடுத்தவர் சட்டென நிறுத்தினால் உடம்பு கிளர்ந்தெழும். அட்ரினலின் பொங்கும், சுகர் ஏறும். கூடவே வாந்தியும் பேதியும் வந்தால் உணவு தங்காது. சர்க்கரை நோய் மாத்திரையோ இன்சுலினோ எடுத்திருந்தால் சுகர் இறங்கவும் செய்யும். வலியும் திரும்பி வரும். மருத்துவர் வகுத்த படிகளில் மெல்லக் குறைத்தால் இந்தக் கலவரம் பெரிதும் தணியும். ஒவ்வொரு படிக்கும் பிறகு சில நாட்கள் மீட்டரை நெருக்கமாகப் பாருங்கள்.

பாத எரிச்சலுக்கு, அதுவும் சர்க்கரை நோயால் வந்த எரிச்சலுக்கே, ஓபியாய்டு எழுதுகிறார்கள். சரியா?

டாபென்டடாலின் நீடித்து வேலை செய்யும் வகைக்கு 2012இல் அமெரிக்காவில் இந்த வலிக்கென்றே அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் இப்போதைய வழிகாட்டுதல்கள் வேறு பக்கம் திரும்பிவிட்டன. அமெரிக்க நரம்பியல் அகாடமியும் அமெரிக்க நீரிழிவுச் சங்கமும் இந்த வலிக்கு டிராமடால், டாபென்டடால் உட்பட ஓபியாய்டுகளைத் தவிர்க்கவே சொல்கின்றன. பழக்கத்துக்கு அடிமையாகும் அபாயம்தான் முக்கியக் காரணம். பிரிகாபலின், கபாபென்டின், டுலாக்ஸெடின், அமிட்ரிப்டிலின் ஆகியவற்றில் ஏதாவது முயன்று பார்த்தாயிற்றா என்று கேளுங்கள். பிரிகாபலினோ கபாபென்டினோ ஓபியாய்டோடு சேர்ந்தால் மூச்சு மந்தமாவது கூடும் என்பதால், "இரண்டையும் சேர்த்தே சாப்பிடுகிறேனே" என்று நீங்களாகக் கூட்டாதீர்கள்.

ஓபியாய்டு சுகரைக் கெடுக்கிறது என்றால் அதற்கு எதிர்மருந்து சுகரைச் சரியாக்குமா?

நல்ல கேள்வி, பதில் பாதி ஆமாம். லோ சுகர் வரும்போது உடம்பே எண்டார்ஃபின் என்ற சொந்த ஓபியாய்டைச் சுரக்கிறது. அடுத்த முறை லோ வரும்போது எச்சரிக்கை அறிகுறிகள் மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆரோக்கியமானவர்களுக்கு முதல் நாள் லோவின்போது நலாக்சோன் கொடுத்துப் பார்த்தார்கள், மறுநாள் அந்த மங்கல் வரவில்லை. ஆனால் முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளுக்கு நான்கு வாரம் நால்ட்ரெக்சோன் (நலாக்சோனைப் போலவே ஓபியாய்டைத் தடுக்கும் மருந்து) கொடுத்த சோதனையில் பலன் கிடைக்கவில்லை. எடை குறைக்க, நால்ட்ரெக்சோனும் பியூப்ரோப்பியானும் சேர்ந்த மாத்திரை ஒன்று இருக்கிறது. இரண்டாம் வகை நோயாளிகளிடம் அது எச்பிஏ1சியை 0.6 சதவீதப் புள்ளி குறைத்தது, மருந்தில்லாத வெற்று மாத்திரை 0.1 குறைத்தது. வலிக்கு ஓபியாய்டு எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. வலி மருந்தின் வேலையை முடக்கி, மேலே சொன்ன திடீர் நிறுத்தக் கலவரத்தை ஒரே மாத்திரையில் கொண்டுவந்துவிடும்.

கடைசியாக ஒன்று. இருமல் மருந்தில் இருக்கும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இந்தக் கூட்டம்தானா?

வேதியியல் அமைப்பில் மார்ஃபினுக்கு உறவு, வேலையில் வேறு. ஓபியாய்டு ஏற்பிகளில் அது பெரிதாக ஒட்டுவதில்லை, என்எம்டிஏ என்ற வேறோர் ஏற்பியைத் தடுக்கிறது. மெத்தடோனுக்கும் இந்த என்எம்டிஏ தடுப்பு கொஞ்சம் உண்டு என்பது கவனிக்க வேண்டியது. கணையத்திலும் அந்த ஏற்பி இருக்கிறது. டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உடம்பில் மாறி உண்டாகும் பொருள், குளுக்கோஸ் இருக்கும்போது இன்சுலின் சுரப்பைக் கூட்டுகிறது என்று 2015இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் ஆய்வாளர்கள் காட்டினார்கள். இரண்டு நாள் இருமலுக்கு இரண்டு கரண்டி குடிப்பவருக்கு இதனால் கவலை இல்லை. இன்சுலினும் டிராமடாலும் ஏற்கெனவே எடுப்பவர் மட்டும் வாங்கும் முன் மருந்தாளரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிராமடாலும் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபனும் இரண்டுமே செரட்டோனினைக் கூட்டுபவை, அதனால் சுகரை விட்டுப் பார்த்தாலும் அந்தச் சேர்க்கை வேண்டாம்.